முப்பத்தொன்பது இலை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நகர்ந்து, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரிகிற மாதிரி. சாப்பிட்டாயிற்றா? அரை வயிறு சாப்பிட்டிருந்தால் போதும். சொல்லப்போகிற கதை சோற்றைப் பற்றியது, சாமியைப் பற்றியது, இரண்டுக்கும் நடுவில் கிடந்த ஒரு மனுஷனைப் பற்றியது. பசியோடு கேட்டால் அழுகை வரும், வயிறு முட்டக் கேட்டால் குமட்டிக்கொண்டு வரும். ஆனாலும் கடைசிவரை கேளுங்கள். கசப்பை ஊட்டிவிட்டு வாய்க்குத் தண்ணீர் தராமல் உங்களை அனுப்ப மாட்டேன்.

தருமபுரிப் பக்கமிருந்து தொப்பூர் மலையில் இறங்குகிற லாரிகள் வளைவுகளையெல்லாம் தாண்டி மூச்சு விடுகிற இடத்தில் மணிமேகலையின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. தகரக் கூரை, நாலு பெஞ்சு, வாசலில் நீலத் தண்ணீர் டிரம், அவ்வளவுதான். பக்கத்துக் கடை அப்துல் ஷுக்கூர் பாயுடையது. பஞ்சர் ஒட்டுவார், டயர் மாற்றுவார். மலையில் எந்த வண்டி கவிழ்ந்தாலும் போலீசுக்கு முன்னால் அவருக்குத்தான் போன் வரும். ஜாக்கியையும் கடப்பாரையையும் மொபட்டில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மணிமேகலைக்கு ஒரே மகன், நவநீதன். லாரி ஓட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், அதே மலையில், அவன் ஓட்டிவந்த சிமெண்ட் லாரிக்குப் பிரேக் நிற்கவில்லை. கேபின் நசுங்கி, கால் இரண்டும் உள்ளே மாட்டி, மூன்று மணி நேரம் கிடந்தான். பிழைத்தான். நினைவு திரும்பியதும் அம்மாவிடம் அவன் சொன்ன முதல் சங்கதி இது: யாரோ ஒருத்தர் உடைந்த கேபினுக்குள் ஏறி, அவன் தலையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, தூங்காதே தூங்காதே என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். முகம் தெரியவில்லை. கழுத்தில் கிடந்த மாலை மட்டும் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்ததாம்.

அது பழனிக்கு மாலை போட்டவர்கள் நடந்து போகிற காலம். ஆயிரம் பேர் போகிறார்கள், அதில் யாரென்று கண்டுபிடிப்பது? மணிமேகலை விசாரிக்காத ஆள் இல்லை, கிடைக்கவில்லை. அப்போது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று ஒரு வேண்டுதல் வைத்தாள். இவன் எழுந்து தன் காலில் நடந்தால், மாலை போட்டு நடக்கிறவர்கள் நூறு பேருக்கு, ஒரே பகலில், என் கையால் வயிறு நிறையச் சோறு போடுகிறேன். அதை முடித்த பிறகுதான் இவனை மறுபடியும் லாரி ஏற விடுவேன்.

நவநீதன் நடந்தான். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறான், ஆனால் நடந்தான். இந்தத் தை மாதம் தருமபுரியில் ஒரு முதலாளி அவனைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அதனால் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மணிமேகலை அடுப்பை மூட்டினாள். அவளுக்கு அது வெறும் அன்னதானம் இல்லை. நூறு பேர் தின்று எழுந்தால் திங்கட்கிழமை மகன் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். ஒரு ஆள் குறைந்தாலும் அவன் உயிருக்குக் காவல் இல்லை. அப்படித்தான் அவள் நம்பினாள்.

எண்ணுவதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். ஒருத்தர் இலையை வழித்துச் சாப்பிட்டு எழுந்தால் ஒரு புளியங்கொட்டை டம்ளருக்குள் விழும். கொறித்துவிட்டுப் போனால் விழாது. வயிறு நிறைய என்றுதானே வேண்டிக்கொண்டாள்? சாமியை ஏமாற்ற முடியுமா?

விடிந்ததிலிருந்து கூட்டம் வந்தது. வந்த கூட்டத்துக்குப் பசிதான் இல்லை.

ஏன் இல்லை என்று கேளுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் நாலு பந்தல், இந்தப் பக்கம் மூன்று. ஒரு பந்தலில் கேசரி, ஒன்றில் தக்காளி சாதம், ஒன்றில் நெய் வடியும் பொங்கல். ஒவ்வொன்றிலும் பணம் போட்டவரின் படம் முருகனைவிடப் பெரிதாக. நடக்கிறவர்களை மைக்கில் கூப்பிடுகிறார்கள், வழிமறித்துக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் பிரசாதத்தை மறுத்த பாவம். அதனால் எல்லோரும் வாங்கினார்கள். வாங்கி, இரண்டு விரலால் நெற்றிக்கு நேரே தூக்கிக் கும்பிட்டு, ஒரு வாய் வைத்து, பத்தடி தள்ளிப் போய்ச் சாலையோரம் போட்டார்கள்.

அந்தக் குவியலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேண்டாம், பார்க்க வேண்டாம். பாக்குமட்டைத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இடுப்பு உயரம். கேசரிமேல் சாம்பார், சாம்பார்மேல் தயிர், அதன்மேல் யாரோ துப்பிய வெற்றிலை. தின்ன முடியாமல் தின்ற நாய் ஒன்று அங்கேயே கக்கிவிட்டு, மறுபடியும் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற நெய்யும் தயிரும் புளித்த நாற்றம் கடைக்குள் வந்து உட்கார்ந்தது. ஈக்கள் கறுப்புத் துணி மாதிரி எழும்பி எழும்பிப் படிந்தன. பக்கத்திலேயே ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு.

மணிமேகலை கடையிலும் அதே கதைதான். உட்காருவார்கள், சாம்பாரைக் குளம் மாதிரி வாங்கிக்கொள்வார்கள், நாலு வாய் தின்று இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். பாத்திரம் கழுவுகிற சின்னம்மாள் இலைகளை அள்ளிக்கொண்டே, இவங்களுக்கு வயித்துக்கு மேல இன்னொரு வயிறு தெச்சுக் குடுக்கணும் என்று முணுமுணுத்தாள். மாலை போட்டவர்களைப் பழிக்காதே என்று மணிமேகலை அவளை அடக்கினாள். ஆனால் அவளுக்கே பயம் வந்திருந்தது. பத்து மணிக்கு டம்ளரில் அறுபத்தொரு கொட்டைதான். சாம்பார் அண்டா அடி தெரிந்துவிட்டது. சோறு இருந்தது. அவரைக்காயும் கத்திரிக்காயும் நறுக்கி வைத்தபடி இருந்தன. வீட்டில் பருப்பு ஒரு பிடி இல்லை.

அப்போதுதான் சாலை அமைதியானது. தொப்பூரில் சாலை அமைதியானால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மேலே ஏதோ கவிழ்ந்திருக்கிறது. ஷுக்கூர் பாய்க்குப் போன் வந்தது. அவர் ஜாக்கியைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே நவநீதன் காலை இழுத்துக்கொண்டு போய் மொபட்டின் பின்னால் உட்கார்ந்தான். இரண்டு வருஷமாக விபத்து என்ற சொல்லைக் கேட்டாலே முகம் வெளுத்துப் போகிறவன் அவன். மணிமேகலை கரண்டியோடு ஓடிவந்து, நீ போக வேண்டாம் கண்ணு, இன்னிக்கு வேண்டாம் என்றாள். அவன் பாயின் தோளைப் பிடித்துக்கொண்டான். பாய்தான், நான் பாத்துக்கறேன் தங்கச்சி என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினார்.

அவர்கள் போய்க் கால் மணி நேரம் இருக்கும். மலையிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்தது. பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, முன்னால் காவடி, பின்னால் ஊர்ந்து வரும் சின்ன டெம்போ. நாற்பத்தொரு பேர். காரிமங்கலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். குருசாமி பேர் காளியப்பன். பதினெட்டாவது வருஷமாக நடக்கிறவர். கார்த்திகையிலிருந்து செருப்புப் போடாத கால், பாளம் பாளமாக வெடித்திருந்தது. வந்ததும் கூட்டத்தில் வயசான ஒருத்தரை உட்காரவைத்து, அவர் காலை மடியில் எடுத்துத் தைத்திருந்த முள்ளை ஊசியால் நெம்பி எடுத்தார். மணிமேகலைக்கு அதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்தது. இவர்தான் பக்திமான் என்று நினைத்தாள்.

மலை இறங்குகிற வரைக்கும் தங்கள் கூட்டம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காது, பந்தல் எதிலும் கை நனைக்கவில்லை என்று குருசாமி சொன்னார். பசியான நாற்பத்தொரு வயிறு. அவளுக்கு வேண்டியது முப்பத்தொன்பது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பருப்பு தீர்ந்துபோனதைக் கூச்சத்தோடு சொன்னாள். குருசாமி சிரித்தார். டெம்போவிலிருந்து இரண்டு மூட்டை துவரம்பருப்பை இறக்கச் சொன்னார்.

"அன்னதானத்துக்கு வெச்சுக்குங்கம்மா. வழியில முருகன் குடுத்தது."

"வழியில கெடைக்கறதுக்குப் பருப்பு என்ன சுண்டக்காயா?" என்றாள் சின்னம்மாள், யாருக்கும் என்றில்லாமல்.

மணிமேகலை அவளைப் பார்வையாலேயே வாயை மூட வைத்தாள். இந்த இடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும் கண்ணுகளா. மூட்டை ஒன்றின் வாய் கிழிந்திருந்தது. சாக்கின்மேல் கன்னட எழுத்து அச்சடித்திருந்தது. லாரிக்காரர்களுக்குச் சோறு போட்டுப் பிழைக்கிறவளுக்கு அந்த எழுத்தைத் தெரியாதா? தெரியும். பார்த்தாள். பார்க்காதது போல் இருந்துகொண்டாள். பருப்பை அள்ளிக் களைந்து, பெரிய குக்கரில் ஏற்றிவிட்டு, முருகா என் மானத்தைக் காப்பாற்றினாய் என்று சுவரில் இருந்த படத்தைக் கும்பிட்டாள்.

விசில் வந்தது. காய் வெந்தது. தாளித்துக் கொட்டினாள். நாற்பத்தொரு பேரும் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டார்கள். சின்னம்மாள் சோற்றை வைத்துக்கொண்டே போனாள். அந்த நேரத்தில் குருசாமி எழுந்து, துண்டில் சுற்றி மார்போடு அணைத்து வைத்திருந்த ஒன்றை எடுத்து மணிமேகலையின் முருகன் படத்துக்குக் கீழே வைத்தார். குங்குமம் இட்டார். போனை எடுத்து ஒரு படம் பிடித்தார்.

கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிள்ளையார். மஞ்சள் பிளாஸ்டிக். கழுத்தில் வாடின மல்லிகை ரெண்டு கண்ணி. அடியில் கறுப்புப் பசைத் துண்டு பிய்ந்து தொங்கியது, அதில் கண்ணாடித்தூள் மினுங்கியது.

லாரி டேஷ்போர்டில் ஒட்டுகிற பிள்ளையார். நவநீதன் வண்டிக்கு அதே மாதிரி ஒன்றை அவளே வாங்கி ஒட்டியிருந்தாள்.

"இது எங்கிருந்து சாமி?" என்றாள்.

"மேல வண்டி கவுந்து கெடக்குதுல்லங்க, அதுல இருந்து. கண்ணாடியெல்லாம் ஒடைஞ்சு ஆளுங்க ஏறி எறங்கறாங்க, இவரு பாவம் அங்கயே ஒட்டிக்கிட்டு இருக்காரு. எனக்கு மனசு கேக்கல. சாமிமேல கால் படலாமுங்களா?"

"டிரைவரு?"

"உள்ளதான் இருந்தான். கன்னடத்தான். ஸ்டியரிங்கு நெஞ்சுல முட்டி, காலு கீழ மாட்டிக்கிச்சு. அவனத் தாண்டித்தான் கைய நீட்டி எடுத்தேன். மெதுவாத்தாங்க எடுத்தேன், அவன் மேல படாம."

மணிமேகலை கையில் சாம்பார் வாளி இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

"உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சு, இருந்துச்சு. நீரு நீருன்னு கேட்டான்."

"குடுத்தீங்களா?"

குருசாமி கொஞ்சமும் கோபப்படாமல், தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அன்போடு சொன்னார்.

"மாலை போட்டிருக்கறோம்லம்மா. நாங்க தண்ணி ஊத்தி, அவன் எங்க கையில போயிட்டான்னு வைங்க, சாவுத் தீட்டு. நாப்பத்தோரு பேரும் அங்கயே மாலையக் கழட்டோணும். நாப்பத்தெட்டு நாள் வெரதம் மண்ணாப் போயிரும். ஆனா சும்மா வரலைங்க. அவனுக்காக முருகன வேண்டிக்கிட்டு, சூடம் காட்டிட்டுத்தான் வந்தோம்."

"டீசல் ஒழுகற எடத்துலயா சூடம் ஏத்துனீங்க?" என்றாள் சின்னம்மாள்.

"தள்ளி நின்னுதாங்க."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை கண்ணுகளா, அதுதான் பெரிய கொடுமை. கள்ளன் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இவர் முகத்தில் ஒரு துளி குற்றம் இல்லை. சாகக் கிடந்தவன் மேல் கை படாமல், அவன் நெஞ்சுக்கும் மூஞ்சிக்கும் நடுவில் கையை விட்டு, பிளாஸ்டிக்கைப் பிய்த்து எடுத்து, அதைக் குழந்தை மாதிரி மார்பில் அணைத்துக்கொண்டு ஒரு மைல் நடந்து வந்திருக்கிறார். அந்த லாரியின் பருப்பும் கூடவே டெம்போவில் வந்திருக்கிறது. மணிமேகலைக்கு அண்டாவிலிருந்து வந்த பெருங்காய வாசனையே குமட்டியது. வெளியே கிடந்த குவியலின் நாற்றமும் உள்ளே கொதித்த சாம்பாரின் வாசனையும் ஒன்றாகிவிட்டது போல இருந்தது. அவர்மேல் மட்டுமா? தன் கைமேலேயே அவளுக்கு அருவருப்பு. அந்தக் கன்னட எழுத்தைப் பார்த்துவிட்டுப் பருப்பைக் களைந்த கை.

டம்ளரைப் பார்த்தாள். இன்னும் முப்பத்தொன்பது. இலை போட்டாயிற்று, சோறு வைத்தாயிற்று. ஒரே ஒரு சுற்று சாம்பார் ஊற்றினால் வேண்டுதல் முடிந்தது. திங்கட்கிழமை மகன் நிம்மதியாக வண்டி ஏறலாம்.

"எந்திரிங்க சாமி," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். எல்லாரும் எந்திரிங்க.

வரிசையில் சலசலப்பு. ஒருத்தர், பசிக்குதுங்கக்கா என்றார். அது அவள் நெஞ்சில் குத்தியது. ஆயுசில் அவள் சோறு இல்லையென்று சொன்னதில்லை, இலையில் உட்கார்ந்தவரை எழுப்பியதும் இல்லை. சாப்பாட்டுக் கடைக்காரிக்கு அதைவிடப் பெரிய பாவம் உண்டா? ஆனாலும் அவள் கை வாளியைத் தொடவில்லை.

குருசாமி எழுந்து வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"யாருக்கு வேண்டுனீங்கம்மா?"

"எம் மவனுக்கு."

"பாதியில நிறுத்துனா அது யார் தலையில வந்து எறங்கும்னு தெரியுமுங்களா?"

சாபம் மாதிரி சொல்லவில்லை. பரிதாபப்பட்டுச் சொன்னார். அதனாலேயே அவளுக்குப் பயம் கூடியது. மகன் அந்த நேரம் மேலே, அதே வளைவில், இன்னொரு நசுங்கின லாரிக்குப் பக்கத்தில் நிற்கிறான். ஆனாலும் சொன்னாள்.

"எம் மவனும் இதே மலையில இதே மாதிரி கெடந்தான் சாமி. அவன் தலையத் தொடைமேல வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம் ஒருத்தரு உக்காந்திருந்தாரு. அவரும் மாலை போட்டிருந்தாரு. அவருக்குந்தான் வெரதம் இருந்திருக்கும். அந்தாளுக்குத்தான் நான் சோறு போட நெனச்சேன். ஆளு மாறிப் போச்சு."

அதற்குப் பிறகு அவர்கள் எழுந்தார்கள். சிலர் திட்டினார்கள், சிலர் இலையைக் காலால் தள்ளினார்கள். குருசாமி மட்டும் பிள்ளையாரை எடுக்கப் போனார். மணிமேகலை முந்திக்கொண்டு எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அது லாரிக்காரர் வூட்டுச் சாமிங்க," என்றாள்.

கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு போனது. ஒரே ஒருத்தர் மட்டும் மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அவரும் போய்விட்டார். அரை பர்லாங் தள்ளி அடுத்த பந்தல் இருந்தது. அங்கே கை கால் கழுவி, கும்பிட்டு, தக்காளி சாதம் சாப்பிட்டார்களாம்.

சின்னம்மாளை மூட்டைகளுக்குக் காவல் வைத்துவிட்டு, மணிமேகலை ஒரு கேன் தண்ணீரும் பிள்ளையாருமாக மலை ஏறினாள். நின்றுபோன வண்டிகளுக்கு நடுவே ஒரு மைல். லாரி தெரிவதற்கு முன்னால் பருப்புத் தெரிந்தது. தார்ச்சாலை மஞ்சளாகக் கிடந்தது. காரில் வந்த பெண்கள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துணிப்பையில் அள்ளினார்கள். நெற்றி நிறைய விபூதி இட்ட ஒருத்தர், கல்லைப் பொறுக்கிட்டாச் சரியாப் போயிரும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் முறம் கொண்டுவந்திருந்தார்கள். பச்சை வேட்டிகள், காவி வேட்டிகள், மாலைகள் குனிந்து குனிந்து நிமிர்ந்தன. பருப்பை மிதித்தால் லட்சுமி கோபிப்பாள் என்று எல்லோரும் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார்கள். கேபினுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அங்கேதான் பருப்பு இல்லையே.

ஷுக்கூர் பாய் டேஷ்போர்டுக்குக் கீழே படுத்து ஜாக்கியை அங்குலம் அங்குலமாக ஏற்றிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்கக் கிரீஸ். கேபினுக்குள்ளே நவநீதன். சரியாக நீட்ட முடியாத தன் காலை மடக்கி வைத்துக்கொண்டு, அந்த டிரைவரின் தலையைத் தொடைமேல் ஏந்தியிருந்தான். லாரி ஓட்டிக் கற்றுக்கொண்ட அரைகுறைக் கன்னடத்தில் தூங்காதே, தூங்காதே என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

மணிமேகலை அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, முந்தானைய நனைச்சுக் குடு," என்றான் அவன், நிமிர்ந்து பார்க்காமலேயே. "மொத்தமா ஊத்தக்கூடாது. ஒதட்ட நனைச்சாப் போதும்."

நனைத்துக் கொடுத்தாள். அந்த மனுஷனுக்கு நாற்பது வயசு இருக்கும். உதடு ஈரத்தை உறிஞ்சியது. கண் மட்டும் டேஷ்போர்டில், பசை பிய்ந்த ஒரு வட்டத்திலேயே நிலைத்திருந்தது.

"வந்ததுலருந்து அந்த எடத்தையேதான் பாத்துக்கிட்டு இருக்கறான்மா," என்றார் பாய் கீழே இருந்து.

மணிமேகலை கையை விரித்துப் பிள்ளையாரைக் காட்டினாள். டிரைவர் முகம் கோணியது. ஏதோ சொன்னார். நவநீதன் குனிந்து கேட்டு, தமிழில் சொன்னான்.

"சாமியவே எடுத்துட்டுப் போறாங்களே, அப்ப நாம செத்துருவோம் போலன்னு நெனச்சாராம்."

பாய் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அந்த நல்ல மனுஷன் வாயிலிருந்து அது வந்து மணிமேகலை கேட்டதில்லை. சொல்லிவிட்டு ஜாக்கியை மறுபடியும் திருகினார். டிரைவரை வெளியே எடுக்க இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது. ஆம்புலன்ஸ் ஏறும்போது பிள்ளையார் அவர் கைக்குள் இருந்தார்.

ஆள் பிழைத்தார். விலா எலும்பு மூன்று போயிற்று, கால் ஒன்று முறிந்திருந்தது. தருமபுரி ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை மணிமேகலை கஞ்சி கொண்டுபோனபோது, கலபுரகியிலிருந்து வந்திருந்த அவர் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் நிறையப் பேசினாள். ஒன்றும் புரியவில்லை. எல்லாம் புரிந்தது.

மூட்டைகளைப் போலீசிடம் ஒப்படைத்தாள். வெந்த சாம்பாரை என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். குழி தோண்டிக் கொட்டினாள். சோற்றைக் கொட்டுவது தப்புத்தான். தன் தொண்டையில் இறங்காததை யாருக்குப் போடுவது?

சின்னம்மாள் மகள் போனில் ஒரு படம் சுற்றி வந்தது. பிள்ளையார், குங்குமம், ஓரத்தில் சாம்பார் வாளி பிடித்த ஒரு கை. விபத்தில் சிக்கிய விநாயகரைத் தீட்டுப்படாமல் மீட்ட எங்கள் குருசாமி என்று எழுதி, கீழே வரிசை வரிசையாகக் கும்பிடுகிற கைகள். அந்தக் கை தன்னுடையது என்று தெரிந்ததும் மணிமேகலை எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அன்றைக்கு மூன்றாவது தரம்.

ஞாயிறு சாயங்காலம் நவநீதன் கேட்டான்.

"நாளைக்கு வண்டி எடுக்கறேம்மா. வேண்டுதல்?"

அவள் டம்ளரை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுபத்தொரு கொட்டை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். வெளியே, மாலை போட்ட இன்னொரு கூட்டம் அந்த நாறும் குவியலைச் சுற்றி மூக்கைப் பொத்திக்கொண்டு பாடிப் போனது.

"மீதிய, கேக்கறவரு வந்து கேக்கட்டும்," என்றாள். "நான் பதில் சொல்லிக்கறேன். நீ போயிட்டு வா கண்ணு. வழியில எவனாச்சும் கெடந்தா வண்டிய நிறுத்து."

திங்கட்கிழமை அவன் போனான். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தான். அடுத்த நாளும் செய்தான். இன்றுவரை செய்துகொண்டிருக்கிறான்.

அவ்வளவுதான் கண்ணுகளா. வாய் கசக்கிறதா? சொம்பில் தண்ணீர் இருக்கிறது, ஆளுக்கொரு வாய் குடியுங்கள். உங்கள் வீட்டு அடுப்பு நல்ல பருப்பை வேகவைக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போன கால்கள் எல்லாம் முழுசாகத் திரும்பி வரட்டும். அப்படி எங்காவது உங்களில் ஒருத்தர் விழுந்துவிட்டால், உங்களைத் தாண்டிக் கை நீட்டாமல் உங்களை நோக்கியே நீட்டுகிற ஒருத்தர் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் வாசலில் வந்து தண்ணீர் கேட்பவருக்கு, அவர் யார் என்று கேட்காமல் கொடுக்கிற மனசு உங்கள் பிள்ளைகுட்டிகளுக்கும் இருக்கட்டும். போய் நிம்மதியாகப் படுங்கள் சாமிகளா, நல்லா இருப்பீர்கள்.